முக்கோணங்களுக்குக் காவல்

காங்கேசன்துறை வீதிப் பக்கமிருந்து கீரிமலைக் கேணிக்குச் சைக்கிளில் வருகிற முதியவர்களிடம் பழைய ராலே, ஹம்பர் வண்டிகளை இன்றும் காணலாம். இங்கிலாந்தில் செய்த அந்தப் பிரேம்களைக் கிட்ட நின்று பார்த்தால், குழாய்கள் சந்திக்கும் இடமெல்லாம் ஓர் உருக்கு உறை தெரியும். அதன் பெயர் லக்.

குழாயை லக்குக்குள் செருகிச் சூடாக்கி, விளிம்பில் பித்தளையை உருக்கிவிடுவார்கள். மயிரிழை இடைவெளிக்குள் பித்தளை தானாகவே ஊர்ந்து பரவும். குழாயின் உருக்கோ உருகுவதில்லை. அதனால் குழாய் ஒன்று நெளிந்துபோனால், மூட்டை மறுபடி சூடாக்கிக் கழற்றி வேறு குழாய் போடலாம்.

அக்காலப் பந்தய வண்டிக்கும் இதே வேலைதான், குழாய்தான் வேறு. பர்மிங்காமின் ரெனால்ட்ஸ் நிறுவனம் 1935இல் கொண்டுவந்த 531 வகைக் குழாய் நுனியில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். மூட்டுத்தான் அதிக சுமை தாங்குகிறது. நடுப்பகுதியில் எடையைக் குறைக்கலாம்.

இரண்டு முக்கோணங்களாலான இந்தப் பிரேம் வடிவம் பந்தயத்தில் நிலைத்ததற்கு நடுவர்களும் ஒரு காரணம்.

1933இல் பிரான்சிஸ் ஃபோர், சார்ல் மோஷே வடிவமைத்த, சாய்ந்து படுத்தபடி மிதிக்கும் வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓடினார். உலகச் சைக்கிள் சம்மேளனமான யூசிஐ அடுத்த ஆண்டே அத்தகைய வண்டிகளைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. பெடல் அச்சும் இருக்கையும் எங்கே இருக்கவேண்டும் என்பதும் விதியாயிற்று.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மோதல் திரும்பியது. ஸ்கொட்லாந்தின் கிரேம் ஒப்ரீ, மேற்குழாய் இல்லாத பிரேமைத் தானே செய்து, சலவை இயந்திரத்தின் பெயரிங்கையும் அதில் பொருத்தி, 1993இல் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை படைத்தார். கைகளை மார்போடு மடக்கி ஓட்டும் அவரது முறையை யூசிஐ மறு ஆண்டு தடைசெய்தது. பலெர்மோ உலகப் போட்டியில் அவர் தகுதி நீக்கப்பட்டார். உழைத்துக் கண்டுபிடித்தவருக்கு அது கொடிய அடி.

2000இல் 6.8 கிலோ என்ற குறைந்தபட்ச எடையும் வந்தது. பெரிய போட்டிகளில் நடுவர்கள் வண்டியைத் தராசில் வைத்து, அளவுச் சட்டத்தில் பொருத்திப் பார்த்த பிறகே ஓடவிடுகிறார்கள்.

பழைய லக் பிரேம்களுக்கென்றே ஓர் ஓட்டமும் உண்டு. இத்தாலியின் கயோலே இன் கியாந்தியில் 1997இல் தொடங்கிய லெரோய்க்காவில் 1987க்கு முந்திய பந்தய வண்டிகளுக்கே முதலிடம். கியர் நெம்பு கீழ்க்குழாயில் இருக்கவேண்டும், பெடலில் வார்க்கட்டு வேண்டும், பிரேக் கேபிள் ஹாண்டிலுக்கு வெளியே வளைந்து ஓடவேண்டும். இத்தனையும் அங்கே விதிகள்.