நாமக்கல் முட்டை விலையும் பிளாக்பர்ன் பந்தும்

ராசிங்காபுரத்தில் விடியற்காலை ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் கிளம்பிவிட்டால் டீக்கடை பெஞ்சு காலி. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு அவசரம் கிடையாது. அவர்களில் ஒரு அண்ணன், கம்பெனிக்கு பிராய்லர் கோழி வளர்த்துக் கொடுப்பவர். குஞ்சும் தீவனமும் கம்பெனியுடையது. செட்டும் கரண்ட் பில்லும் ராத்திரி முழிப்பும் அவருடையது. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. கல்லூரியில் படிக்கும் மகன் ஏதோ சொல்லியிருக்கிறான்.

"ஏம்ப்பா, வெங்கீஸ் கோழிக்காரங்க லண்டன்ல ஒரு புட்பால் டீம் வச்சிருக்காங்களாமே, நெசமா?"

நெசந்தாண்ணே. ஆனா லண்டன் இல்ல. அங்கிருந்து வடமேற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணும். பிளாக்பர்ன்னு ஒரு பஞ்சாலை ஊர்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். பேப்பரில் தினமும் நாமக்கல் முட்டை விலை வருகிறதல்லவா? அதை அறிவிக்கும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு 1982இல் உருவாவதற்கு முன்னால் நின்றவர் பி. வி. ராவ். 1971இல் வெங்கீஸின் தாய்க் கம்பெனியான வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸைத் தொடங்கியவரும் அவரே. 1996இல் அவர் இறந்த பிறகு மகள் அனுராதா தேசாயும் மகன்கள் வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவும் புனேயிலிருந்து தொழிலை நடத்தினார்கள். அந்தக் குடும்பம்தான் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கியது. விலை 2 கோடியே 30 லட்சம் பவுண்ட், நம் பணத்தில் அன்றைக்கு 160 கோடிக்கு மேல். கிளப்பின் கடன் தனி.

அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அதுல என்னத்த வாங்குனாங்க? ஆளுகளையா, கிரவுண்டையா?"

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல 1875க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் ஷ்ரூஸ்பரி பள்ளியில் படித்துத் திரும்பிய இரண்டு இளைஞர்கள், ஜான் லூயிஸும் ஆர்தர் கான்ஸ்டன்டைனும், ஊரில் ஆள் திரட்டி இந்தக் கிளப்பைத் தொடங்கினார்கள். பாதி நீலம், பாதி வெள்ளை என்று நடுவே கோடு கிழித்தது போன்ற சட்டை, இன்றும் அதுதான். அப்போது கால்பந்து என்பது வசதியான வீட்டுப் பையன்களின் பொழுதுபோக்கு. ஆனால் பிளாக்பர்னில் தெருவுக்குத் தெரு தறி ஓடியது. 1850லிருந்தே சட்டப்படி சனிக்கிழமை மத்தியானம் மில்லை மூடியாக வேண்டும். கையில் கூலி, மிச்சம் அரை நாள். இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் இந்த அரை நாளிலிருந்துதான் வந்தது. காசு கொடுத்துப் பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்ததும், அந்தக் காசில் நல்ல ஆட்டக்காரனை இழுத்துவரும் வேலையும் ஆரம்பித்துவிட்டது. வீரனுக்குச் சம்பளம் தரக் கூடாது என்பது அன்றைய விதி. அதனால் எல்லாம் திரைமறைவில்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் ஃபெர்கஸ் சூட்டர். கிளாஸ்கோவிலிருந்து கல்தச்சு வேலைக்கு என்று சொல்லிக்கொண்டு, பிளாக்பர்னை ஒட்டிய டார்வன் ஊருக்கு 1878இல் வந்தார். வந்த கொஞ்ச நாளில் இந்த ஊர்க் கல் ரொம்பக் கெட்டி, கொத்த முடியவில்லை என்று உளியைக் கீழே வைத்துவிட்டார். பந்து மட்டும் விளையாடினார். பிழைப்பு எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. 1880இல் ரோவர்ஸுக்குத் தாவியபோது டார்வன்காரர்கள் கொதித்துப்போனார்கள். அதிகக் காசு கொடுத்து ஆளைத் தூக்குவது அன்றைக்கே தொடங்கிய கதை.

1883இல் அதே ஊரின் இன்னொரு அணியான பிளாக்பர்ன் ஒலிம்பிக், நெசவாளிகளும் பிளம்பரும் சேர்ந்த கூட்டம், சீமான்களின் ஓல்டு ஈட்டோனியன்ஸை 2–1 என்று தோற்கடித்து எஃப்.ஏ. கோப்பையை வாங்கியது. அதற்குப் பிறகு கோப்பை பழைய பெரிய வீட்டுப் பையன்கள் கைக்குத் திரும்பவே இல்லை. 1884, 1885, 1886 மூன்று வருடமும் ரோவர்ஸ். 1885இல் சம்பளம் வாங்கி விளையாடலாம் என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஊரே அறிந்ததை எத்தனை நாள் மறைப்பது? 1888இல் பன்னிரண்டு கிளப்புகள் சேர்ந்து உலகின் முதல் கால்பந்து லீகைத் தொடங்கியபோது ரோவர்ஸும் அதில் ஒன்று. 1890இல் ஈவுட் பார்க் மைதானம். இன்றுவரை அங்கேதான் ஆட்டம்.

பிறகு கிளப் ஒரு லிமிடெட் கம்பெனி ஆனது. ஆனால் லாபப் பங்குக்கு உச்சவரம்பு, இயக்குநருக்குச் சம்பளம் கிடையாது, 1961 வரை வீரனின் சம்பளத்துக்கும் உச்சவரம்பு. பங்கு வைத்திருந்த உள்ளூர் வியாபாரிக்குக் கிடைத்தது மரியாதை மட்டுமே. நம்ம ஊர்க் கோயில் தர்மகர்த்தா மாதிரிதாண்ணே. சாவி அவர் கையில், சாமி ஊருக்கு.

இந்த இடத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. நம் தேனிப் பக்கமெல்லாம் மதுரை ஜில்லாவாக இருந்த காலம். 1921 செப்டம்பரில் காந்தி மதுரையில் மேல்சட்டையைக் கழற்றி நான்கு முழ வேட்டிக்கு மாறினார். சரியாகப் பத்து வருடம் கழித்து, 1931 செப்டம்பரில், வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் அதே உடையில் டார்வனுக்கு வந்து மில்காரர்களைச் சந்தித்தார். நம் அந்நியத் துணிப் புறக்கணிப்பும் அங்கே வேலை போனதற்கு ஒரு காரணம். ஆனாலும் மில் பெண்கள் அவரைச் சுற்றி நின்று உற்சாகமாக ஆரவாரம் செய்யும் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். 1928இல் கோப்பை வென்ற ரோவர்ஸ் 1936இல் முதல்முறையாகக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பஞ்சாலைச் சரிவு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் டிக்கெட் காசு மில் கூலியிலிருந்து வந்த காசு.

"இறங்குறதுன்னா?"

இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை லேசு. ஐபிஎல்லில் கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருடம் அதே மேடை. 2014இல் தொடங்கிய நம் சென்னையின் எஃப்.சி.யும் ஐ.எஸ்.எல்.லில் அந்தப் பயம் இல்லாமல்தான் ஆடியது. இங்கிலாந்தில் அப்படி இல்லை. நான்கு அடுக்கு, மொத்தம் 92 கிளப். மேல் அடுக்கில் 20 பேர். கடைசி மூன்று பேர் வருடா வருடம் கீழே இறங்கியாக வேண்டும். இறங்கினால் டிவிப் பணம் போச்சு, வீரன் போனான்.

ரோவர்ஸ் 1966இல் இறங்கி 1992 வரை மேலே வரவில்லை. தூக்கிவிட்டவர் ஜாக் வாக்கர், உள்ளூர் இரும்பு வியாபாரி. தன் கம்பெனியை 1989இல் பிரிட்டிஷ் ஸ்டீலுக்கு 33 கோடி பவுண்டுக்கு விற்றவர், அந்தப் பணத்தைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்த கிளப்பில் கொட்டினார். கென்னி டால்க்ளிஷ் பயிற்சியாளரானார், கோல் அடிக்க ஆலன் ஷியரர் வந்தார். 1995 மே 14, கடைசி நாள். ரோவர்ஸ் லிவர்பூலில் 2–1 என்று தோற்றுப்போனது. அதே நேரம் மான்செஸ்டர் யுனைடெட்டும் லண்டனில் வெஸ்ட் ஹாமை ஜெயிக்க முடியாமல் டிரா. 89க்கு 88, ஒரே புள்ளியில் பிரீமியர் லீக் பட்டம். காசு கொடுத்து வாங்கிய கோப்பை என்று பேசினார்கள். சூட்டர் காலத்திலிருந்தே எல்லாரும் காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்!

வாக்கர் 2000இல் இறந்தார். அவர் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளை பத்து வருடம் பார்த்துவிட்டு விற்றதைத்தான் வெங்கீஸ் வாங்கியது. வந்த மறுமாதமே அனுபவசாலியான பயிற்சியாளர் சாம் அலர்டைஸை நீக்கினார்கள். ஸ்டீவ் கீன் வந்தார். வீரர்கள் உட்கார்ந்து சிக்கன் சாப்பிடும் விளம்பரம் வந்தது. கம்பெனிக்கு விளம்பரம், பிளாக்பர்ன்காரனுக்கு அவமானம். 2012 மே மாதம் விகனிடம் சொந்த மைதானத்தில் 1–0 என்று தோற்று இறங்கிய ராத்திரி, ரசிகர்கள் கிளப் கொடி போர்த்திய ஒரு கோழியை மைதானத்துக்குள் விட்டார்கள்.

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நாட்டுக்கோழியா, பிராய்லரா?"

2017இல் மூன்றாம் அடுக்கு. பிரீமியர் லீக் பட்டம் வென்ற பிறகு அவ்வளவு கீழே போன முதல் கிளப் இதுதான். அடுத்த வருடமே பயிற்சியாளர் டோனி மோப்ரே இரண்டாம் அடுக்குக்கு ஏற்றிவிட்டார். ரசிகர்கள் உரிமையாளர் மேல் கோபப்படுவது நியாயம்தான், ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வெங்கீஸ் பணத்தை உருவிக்கொண்டு ஓடவில்லை. வருடா வருடம் துண்டு விழுந்ததைக் கையிலிருந்து போட்டார்கள். பின்னாளில் இங்கிருந்து பணம் அனுப்பவே டெல்லி உயர்நீதிமன்றத்தில் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில், 2024 பிப்ரவரியில், பிளாக்பர்னிலேயே பிறந்து கிளப்பின் பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த ஆடம் வார்டனை லண்டனின் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்றார்கள். சில மாதத்தில் அந்தப் பையன் இங்கிலாந்து அணியில்.

"இம்புட்டு நட்டத்துக்கு வித்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

போட்டதைத் திருப்பித் தர ஆள் கிடைக்காதுண்ணே. இது என் கணக்கு. இன்னொன்று, பிரீமியர் லீகில் கடைசி இடம் பிடிக்கிற கிளப்புக்கே சீசனுக்குச் சுமார் 10 கோடி பவுண்ட் கிடைக்கிறது. கிளப்பை வாங்கிய விலையைப் போல நாலு மடங்குக்கு மேல். ஒரு தடவை ஏறினால் போதும். 2012லிருந்து அந்த ஒரு தடவைக்குத்தான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.