கொதிகலனிற் சுடரேற்றுமுன்

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட சப்பிரகமுவ மாகாணம் தேயிலைக்கும் இறப்பருக்கும் பெயர்பெற்றது. இவ்விரு விளைபொருள்களும் வெப்பத்தின் துணையின்றிச் சந்தைக்கு வருவதில்லை. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையிலே இலையை வெங்காற்றினால் உலர்த்துவர். இறப்பர்ப் பொருள் ஆலைகளிலே கந்தகஞ் சேர்த்த இறப்பரை நீராவியின் வெப்பத்தால் உறுதிப்படுத்துவர். 1973 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறத்தொடங்கிய பின்னர் விறகின் தேவை மிகுந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளில் இன்றும் விறகே முதன்மையான எரிபொருள். எனினும், வேண்டியபோது மூட்டவும் அணைக்கவும் இயலுமாதலின் எண்ணெயால் எரியும் கொதிகலன்களும் ஆலைகளிற் பயன்படுகின்றன.

பொத்தானை அழுத்தியதும் சுடர் எழும் இவ்வெளிமையே அவற்றின் இடருமாகும். விறகு மெல்லப் பற்றும். பற்றாவிடின் விறகாகவே கிடக்கும். எண்ணெயோ பற்றாவிடினும் ஆவியாகி உலையெங்கும் பரவி, அடுத்த தீப்பொறிக்குக் காத்திருக்கும். ஆகவே சுடரேற்றுமுன் செய்யும் ஆயத்தங்கள் ஒவ்வொன்றுக்குங் காரணம் உண்டு. அவற்றை நீர், எண்ணெய், காற்று என மூவகையாகக் கொள்ளலாம்.

முதலாவது நீர். நீர்மட்டக் கண்ணாடியில் நீர் தெரிதல் மட்டும் போதாது. அதன் குழாய் அடைபட்டிருப்பின் பழைய நீரே நின்று ஏமாற்றும். எனவே கண்ணாடியிலுள்ள நீரை வெளியேற்றி, அது மீண்டும் தன் மட்டத்துக்கு விரைந்து ஏறுகின்றதா எனக் காணல் வேண்டும். நீர் குறைந்து உலைக்குழாயின் மேற்புறம் வெளிப்படின் உருக்கு மிகச் சூடேறி இளகும். உள்ளமுக்கம் அதனை நசுக்கிவிடும். சதுர அங்குலத்துக்கு 100 இறாத்தல் அமுக்கத்தில் உள்ள கொதிகலனில் நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 170 பாகை செல்சியசு. கலம் பிளந்தால் அந்நீரில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு நொடியில் நீராவியாகி, தன் பருமனைப்போல் 1,600 மடங்குவரை விரியும். பாதுகாப்பு வால்வும் அமுக்கமானியும் பழுதின்றி இருத்தல் வேண்டுமென்பதன் காரணம் இதுவே.

இரண்டாவது எண்ணெய். ஈரலிப்பு மிகுந்த இரத்தினபுரி போன்ற இடங்களிலே தாங்கியினுள் நீர் படிந்து அடியில் தேங்குதல் இயல்பு. அதனை வடித்து அகற்றாவிடின், எண்ணெயோடு கலந்து சென்று சுடரை அணைக்கும். வடிகட்டியையுந் துப்புரவு செய்தல் வேண்டும். டீசல் சாதாரண வெப்பநிலையிலேயே எளிதாய் ஓடும். கனத்த உலை எண்ணெயோ பாகு போன்றது. அதனை 100 பாகையளவிற் சூடாக்கினாலன்றி, பர்னரின் நுண்துளை அதனை நன்கு சிதறடிக்கமாட்டாது. ஒரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளி, பத்திலொரு மில்லிமீற்றர் விட்டமுள்ள துளிகளாகச் சிதறின், ஆயிரம் துளிகளாகும். அவற்றின் மேற்பரப்பு பத்து மடங்காகும். எரிதல் மேற்பரப்பில் நிகழ்வதாகலின் சிறுதுளி முற்றாக எரியும். பெருந்துளி கரியாகப் படியும்.

மூன்றாவதும் தலையாயதும் காற்று. ஒரு கிலோகிராம் எண்ணெய் எரிவதற்கு ஏறத்தாழ 14 கிலோகிராம் காற்று வேண்டும். ஆயினும் சுடரேற்றுமுன் காற்றுக்கு வேறொரு பணியுண்டு. முன்னைய முயற்சியில் எஞ்சிய எண்ணெயாவியை உலையிலிருந்தும் புகைவழியிலிருந்தும் துடைத்தெறிதலே அது. விசிறியை ஓடவிட்டு, காற்றுத் தடுப்பை நன்கு திறந்து, அவ்விடங்களின் கொள்ளளவைப்போற் குறைந்தது நான்கு மடங்கு காற்றையேனும் செலுத்துதல் வேண்டும். அதன் பின்னரே பொறியும் எண்ணெயும் வரலாம். சில நொடிகளிற் சுடர் தோன்றாவிடின், ஒளியுணர் கருவி எண்ணெய் வால்வை மூடிவிடும். அப்போது காரணத்தை ஆராயாது மீட்டுப் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துவோர், ஒவ்வொரு முறையும் உலைக்குள் மேலும் எண்ணெயைத் தெளிக்கின்றனர். ஈற்றிற் பொறி பற்றுங்கால் எரிவது ஒரு சுடரன்று, உலை முழுவதுமே. தேயிலை உலர்த்தும் எண்ணெயடுப்புக்கும் இவ்விதி பொருந்தும்.

சுடர் நிலைத்த பின்னருஞ் சிறு தீயிலேயே கலத்தை மெல்லச் சூடாக்கல் வேண்டும். விரைந்து சூடாக்கின் உருக்கு சீரின்றி விரிந்து மூட்டுகள் தளரும்.

2020 யூலை 1 ஆந் திகதி காலை, தமிழ்நாட்டின் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்திலே, நின்றிருந்த ஓர் அலகை மீள இயக்க முயன்ற வேளையிற் கொதிகலன் வெடித்தது. பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் உயிரிழந்தனர். அங்கு எரிபொருள் பழுப்பு நிலக்கரி, எண்ணெயன்று. எனினும், நின்ற கொதிகலனை மீண்டும் இயக்கும் நேரம் எத்துணை இடர் நிறைந்தது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தும்.

இலங்கையின் 1942 ஆம் ஆண்டு 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலன்களின் பாதுகாப்பு உறுப்புகளையும் பரிசோதனையையும் வற்புறுத்துகின்றது. ஆனால் விடியற்காலையிற் பொத்தானருகே நிற்பவர் சட்டம் இயற்றியோரல்லர், ஒரு தொழிலாளியே. கொழுந்து வாடுகின்றது, அச்சுகள் காத்திருக்கின்றன என்று அவரை விரைவுபடுத்துவோர் பலர். அவர் கேட்கும் சில நிமிடங்களை வீண்காலமெனக் கணக்கிடும் மேலாளர், உற்பத்தியைக் கணக்கிட அறிந்தவராயினும் கொதிகலனை அறிந்தவராகார். நாளை பொறியியலாளராகவும் மேற்பார்வையாளராகவும் செல்லவிருக்கும் நம் மாணவர் இதனை மனத்திற்கொள்வாராக.