செவிவழிக் கணினிமொழி

கணினிக்கு நிரல் எழுதும் மொழிகளிற் பல கண்ணையே நம்பிப் பிறந்தவை. அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் பார்ப்பார்க்கு எளிய. திரைவாசிப்பான் அவற்றை ஒவ்வொன்றாய் ஒலிக்குங்கால், பார்வையற்ற மாணவனுக்கு எஞ்சுவது இரைச்சலே. இக்குறையை எண்ணியே அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் குழுவினர் குவோரம் என்னும் மொழியை வகுத்தனர். அதன்கண் ஒரு செயலைப் பன்முறை நிகழ்த்த வேண்டின், 'ரிப்பீட் 10 டைம்ஸ்' எனத் தொடங்கி 'எண்டு' என முடித்தல் அமையும்.

சொற்களையும் அன்னார் தம் விருப்பம்போற் கொண்டிலர். கற்போரிடம் சோதித்தே தெரிந்தனர். இலக்கணம் பயிலும் எமக்கு இது புதுமையாய்த் தோன்றிற்று. 2011இல் வெளிவந்த அவர்தம் ஆய்வொன்றில், குறிகள் சிலவற்றைக் குருட்டடியாய்ப் பொறுக்கியமைத்த ராண்டமோ என்னும் மொழியில் எழுதிய புதியோரினும், புகழ்பெற்ற பெர்ல் மொழியில் எழுதியோர் புள்ளியியல் நோக்கிற் சிறந்திலர்! குவோரத்தில் எழுதியோரே பிழை குறைந்தனர். பார்வையற்றார் பொருட்டு எழுந்த அம்மொழி இன்று பார்வையுடையார் வகுப்பிலும் வழங்குகின்றது.