இலைத் துண்டில் இருந்து ஒரு தக்காளிச் செடி... டிஷ்யூ கல்ச்சர் என்றாலே மரபணு மாற்றமா?

தக்காளி விதையை மண்ணில் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும். சமையலறைக் கழிவைக் கொட்டிய இடத்தில்கூட தானாக வந்து நிற்கும் செடி அது. அப்படி இருக்கும்போது ஆய்வகத்தில் இலையை நறுக்கி, மூடிய குடுவைக்குள் வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து ஒரு தக்காளிச் செடியை எதற்காக உருவாக்க வேண்டும்? 'டிஷ்யூ கல்ச்சர்னாலே மரபணு மாற்றம்தானே?' என்ற சந்தேகமும் பலருக்கு இருக்கிறது. இரண்டு கேள்விக்கும் பதிலைப் பார்க்கலாம்.

இலை எப்படிச் செடியாகிறது?

தாவரத்தின் இலையில் இருக்கும் செல்லிலும் ஒரு முழுச் செடியை உருவாக்கத் தேவையான மரபுத் தகவல் இருக்கிறது. தனி செல்லை ஆய்வகத்தில் வளர்க்க முடியும் என்ற யோசனையை 1902-லேயே முன்வைத்தவர் ஆஸ்திரிய தாவரவியலாளர் ஹேபர்லாண்ட். 1934-ல் அமெரிக்காவின் பிலிப் ஒயிட், தக்காளி வேர் நுனியை வெட்டி சத்துக் கரைசலில் போட்டார். அது வளர்ந்துகொண்டே போனது. ஆனால், வேர் வேராகவே வளர்ந்ததே தவிர, செடி ஆகவில்லை.

அந்தப் பூட்டுக்குச் சாவி 1957-ல் கிடைத்தது. ஸ்கூக், மில்லர் என்ற இரு விஞ்ஞானிகள் புகையிலைத் திசுவில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆக்சின் என்ற ஹார்மோன் அதிகமாக இருந்தால் வேர் வரும். சைட்டோகைனின் அதிகமாக இருந்தால் தண்டும் இலையும் வரும். இரண்டும் நடுத்தரமாக இருந்தால், எந்த உருவமும் இல்லாத செல் கட்டியாக வளரும். இதற்குப் பெயர் 'காலஸ்'.

தக்காளியில் எப்படிச் செய்கிறார்கள்?

* விதையைக் கிருமிநீக்கம் செய்து, குடுவைக்குள்ளேயே முளைக்க வைக்கிறார்கள்.
* ஒரு வாரம், பத்து நாளில் விரியும் இரண்டு விதையிலைகளைத் துண்டுகளாக நறுக்குகிறார்கள்.
* சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின்கள் கலந்த, ஜெல்லி போன்ற அகார் ஊடகத்தில் துண்டுகளை வைக்கிறார்கள். பெரும்பாலும் சியாட்டின் என்ற சைட்டோகைனின் சேர்க்கப்படும்.
* சில வாரங்களில் வெட்டிய ஓரம் தடித்து, காலஸ் உருவாகி, அதில் இருந்து பச்சைத் துளிர்கள் எட்டிப் பார்க்கும்.
* துளிரைத் தனியாக வெட்டி வேறு ஊடகத்துக்கு மாற்றினால் வேர் விடும்.
* கடைசியாக, ஈரப்பதம் குறையாமல் மூடிவைத்து, மெதுவாக வெளிக்காற்றுக்குப் பழக்குகிறார்கள்.

சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது இல்லையா? ஆனால், ஒரு துளி பூஞ்சை உள்ளே போனாலும் அந்தக் குடுவை காலி. சில ரகங்களில் காலஸ் மட்டும் பெருகும், துளிரே வராது. இன்னும் சிலவற்றில் இலை வரும், ஆனால் அதை மேலே வளர்க்கும் குருத்து இருக்காது. ஒரு ரகத்துக்குச் சரிப்பட்ட ஹார்மோன் அளவு இன்னொரு ரகத்துக்குச் சரிப்படாமலும் போகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு?

இங்கேதான் விஷயமே இருக்கிறது. மரபணுவில் மாற்றம் செய்யும்போது, வளர்ந்த செடியின் எல்லா செல்களையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது. இலைத் துண்டில் ஒரு சில செல்களில்தான் அந்த மாற்றம் நடக்கும். அந்த ஒரு செல்லில் இருந்து முழுச் செடியை வளர்த்தெடுத்தால்தான், அதன் விதை வழியாக புதிய ரகம் கிடைக்கும். வழக்கமாக அதற்கு உதவுவது டிஷ்யூ கல்ச்சர்தான்.

1994-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, சீக்கிரம் குழையாத 'ஃபிளேவர் சேவர்' தக்காளி இந்தப் பாதையில் வந்ததுதான். இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் ஸ்னாப்டிராகன் பூச்செடியின் மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய ஊதா நிறத் தக்காளியும் அப்படித்தான். அதன் விதை 2024-ல் அமெரிக்க வீட்டுத் தோட்டக்காரர்களுக்கே விற்பனைக்கு வந்துவிட்டது.

அப்போ டிஷ்யூ கல்ச்சரே மரபணு மாற்றமா?

இல்லை. டிஷ்யூ கல்ச்சர் என்பது வளர்க்கும் முறை மட்டுமே. நம்மூர் விவசாயிகள் நடும் ஜி-9 டிஷ்யூ கல்ச்சர் வாழையில் வெளி மரபணு எதுவும் சேர்ப்பதில்லை. தாய்மரத்தின் குருத்தைப் பெருக்கி, நோயில்லாத, ஒரே மாதிரியான கன்றுகளைத் தயாரிக்கிறார்கள். மரபணு மாற்றத்துக்கு இந்த முறை தேவைப்படுகிறது என்பதால், இந்த முறையே மரபணு மாற்றம் ஆகிவிடாது.

ஒரு விஷயத்தையும் மறைக்கக் கூடாது. காலஸ் கட்டத்தைத் தாண்டி வரும் செடி, சில நேரம் தாய்ச்செடி மாதிரியே இருக்காது. தக்காளிக்கு இருக்க வேண்டிய 24 குரோமோசோம்கள் 48 ஆகிவிடுவதும் உண்டு. அதனால்தான் அடுத்த தலைமுறை விதையையும் வளர்த்து சோதிக்கிறார்கள்.

நாம் வாங்கும் தக்காளி?

இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளியை வணிகரீதியாகப் பயிரிட அனுமதி இல்லை. வயலில் நடும் நாற்றும் விதையில் இருந்து வருவதுதான். ஒரே ஒரு நல்ல செடியை மாடியில் பெருக்க ஆசையா? அதற்கு ஆய்வகம் வேண்டாம். இலைக் கக்கத்தில் வளரும் பக்கக் கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ஈரமண்ணில் ஊன்றி நிழலில் வையுங்கள். ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். அதுவும் தாய்ச்செடியின் நகல்தான், செலவே இல்லாமல்!