“வீட்டுக்குப் போகணும்!” சொந்த வீட்டிலேயே அடம் பிடிக்கும் பெரியவர்: கவனிப்பவரின் கண்ணீரைக் கேட்க ஒரு கூட்டம்

மாலை 6 மணி. நீங்கள் பஸ்சிலோ மின்சார ரெயிலிலோ நெருக்கியடித்துக்கொண்டு வீடு திரும்பும் நேரம்.

அதே நேரத்தில் ஒரு வீட்டில், 75 வயதுப் பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குக் கிளம்புகிறார். மருமகள் ஓடி வருகிறாள்.

“எங்கே மாமா போறீங்க?”

“வீட்டுக்குப் போகணும். வழியை விடு!”

“இதுதானே மாமா நம்ம வீடு!”

“நீ யாரு? கதவைத் திற!”

மருமகளின் கையைத் தட்டிவிடுகிறார். அவள் கதவை விடவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிகிறது.

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை அல்ல. மறதி நோய் புகுந்த பல வீடுகளில் பொழுது சாய்ந்தால் நடக்கிற கதை.

பைத்தியம் அல்ல!

டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்லும் நோய் இது. பைத்தியமும் அல்ல, வயசுக்கோளாறும் அல்ல. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதால் வருகிறது. இதில் பல வகை உண்டு. அதிகம் பேருக்கு வருவது அல்சைமர் நோய். 1906-ல் இதை எடுத்துச் சொன்ன ஜெர்மன் டாக்டர் அலாய்ஸ் அல்சைமரின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. முழுசாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சுமார் 88 லட்சம் பேர்!

அப்படியானால் அவர்களைக் கவனித்துக்கொள்கிறவர்கள் எத்தனை லட்சம்? பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். “பெரியவர் எப்படி இருக்கார்?” என்று வருகிறவர்கள் எல்லாம் விசாரிக்கிறார்கள். “ராத்திரி நீ தூங்கினியாம்மா?” என்று கேட்க ஆள் இல்லை.

1981-ல் அமெரிக்காவில் இந்தக் குடும்பங்களுக்காக ஒரு புத்தகம் வந்தது. அதன் பெயரே “36 மணி நேர நாள்”. கவனிப்பவருக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தில் முடிவதில்லை!

கூட்டத்தில் என்ன நடக்கும்?

இவர்களுக்காகத்தான் கவனிப்போர் கூட்டங்கள் நடக்கின்றன. மேடை, மாலை, சொற்பொழிவு எதுவும் கிடையாது. சிலர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நோய் பற்றித் தெரிந்த ஒருவர் கூட இருந்து நடத்துவார்.

அங்கே ஒரு பெண் இப்படி வாய் திறக்கலாம்: “யார்கிட்டயும் சொல்லலை. நேத்து ராத்திரி கோபத்திலே மாமாவை அடிச்சிட்டேன்...”

சொந்தக்காரர்களிடம் சொன்னால் குடும்பமே இரண்டு பட்டுவிடும். இங்கே யாரும் “அடிப்பாவி” என்று சொல்வதில்லை. பக்கத்து நாற்காலிக்காரருக்கும் அந்த ராத்திரி தெரியும். அதற்காக, அடித்தது சரி என்றும் சொல்வதில்லை. அடுத்த தடவை கை ஓங்கும் முன் என்ன செய்யலாம் என்று பேசுகிறார்கள். “ரெண்டு நிமிஷம் அடுத்த ரூமுக்குப் போயிடு. தண்ணி குடி. உன் நாத்தனாருக்குப் போன் போடு. நீ ஒருத்தியே சுமக்காதே.”

அனுபவப்பட்டவர்களின் யோசனைகளும் கிடைக்கும்.

“வாதாடாதேம்மா. ‘இதுதான் வீடு’ன்னு நூறு தடவை சொன்னாலும் அவருக்கு ஏறாது. ‘போகலாம் மாமா, ஒரு வாய் காபி சாப்பிட்டுட்டுப் போகலாம்’னு சொல்லிப் பாரு!”

காபி முடிவதற்குள் கிளம்பின விஷயமே பல நேரம் மறந்துபோகும்.

இருட்டும் முன்பே விளக்கைப் போடுவது, பகல் தூக்கத்தைக் குறைப்பது, சட்டைப் பையில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதிய சீட்டு வைப்பது... எல்லாம் சின்ன விஷயங்கள். ஆனால் வீட்டையே காப்பாற்றும் விஷயங்கள்.

557 நாள்!

வெறும் பேச்சால் என்ன பிரயோஜனம் என்று கேட்கலாம். நியூயார்க்கில், மறதி நோய் வந்த கணவரை அல்லது மனைவியை வீட்டிலேயே கவனித்துவந்த 406 பேரை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. அதில் ஒரு பிரிவினருக்கு ஆலோசனை, குடும்பத்தாரோடு சேர்ந்து பேச்சு, கவனிப்போர் கூட்டம், டெலிபோன் உதவி எல்லாம் கிடைத்தன. 2006-ல் முடிவு வெளிவந்தது. மற்றவர்களைவிட அவர்கள் 557 நாள், அதாவது சுமார் ஒன்றரை வருஷம், கூடுதலாக நோயாளியை இல்லத்தில் சேர்க்காமல் வீட்டிலேயே வைத்திருந்தார்கள்!

கவனிப்பவர் தெம்பாக நின்றால்தான் நோயாளியும் வீட்டில் நிற்க முடியும்.

எங்கே போவது?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றுக்கு மருந்து உண்டு.

மறதி நோய்தான் என்று தெரிந்தால், கவனிப்போர் கூட்டம் எங்கே நடக்கிறது என்று அவரிடமே கேளுங்கள். அல்சைமர் நோய்க்கான இந்தியச் சங்கம் 1992-ல் கேரளாவில் தொடங்கியது. சென்னையிலும் அதற்குக் கிளை உண்டு. அண்ணா நகரில் உள்ள ஸ்கார்ப் நிறுவனமும் மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கு உதவுகிறது. முதியோர் உதவிக்கு 14567. மனம் உடைந்துபோனால் பேச 14416.

எல்லாம் சரி. மருமகள் கூட்டத்துக்குப் போனால் அந்த இரண்டு மணி நேரம் மாமாவை யார் பார்ப்பது? பல பெண்கள் வராமல் போவதற்குக் காரணமே இதுதான்.

“அதான் அவ பாத்துக்கறாளே” என்று காலையில் ஆபீசுக்கும் கடைக்கும் கிளம்பிவிடும் மகன்களே! இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்:

“நீ போயிட்டு வாம்மா. அப்பாவை நான் பாத்துக்கறேன்.”