முட்டியின் அடியில் இருக்கும் மண்டி: பனங்கள்ளும் யப்பானியச் சாக்கேயும்

கோப்பாயில் விடிய இறக்கிய கள்ளும் பின்னேரம் மிஞ்சிய கள்ளும் ஒன்றல்ல. காலையில் இனிப்பு. மதியம் தாண்டினால் கடுப்பு ஏறும். இரவானால் புளிப்பு. அடுத்த நாள் அது வினாகிரிக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எங்கள் ஊரில் இதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் அது ஏன் நடக்கிறது, எந்த இடத்தில் அதைப் பிடித்து நிறுத்தலாம் என்ற கேள்வியை யப்பானியர்கள் தங்களுடைய சாக்கே என்ற அரிசி மதுவைப் பற்றி நூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்களில் ஒன்று, போரிலும் இடப்பெயர்விலும் பலதைத் தொலைத்த எங்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் கள்ளு. பாளையைச் சீவும்போது வடியும் சாற்றில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் வெல்லம் இருக்கிறது. முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசினால் அது நொதிக்காமல் நிற்கும், அதுதான் கருப்பநீர். காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் மரத்தில் தொங்கும்போதே நொதித்தல் தொடங்கிவிடும். தொடக்கி வைப்பது மதுவம், அதாவது ஈஸ்ற். அது காற்றிலும் பாளையிலும் உண்டு. ஆனால் அதிகம் இருப்பது முட்டியின் அடியில், நேற்றைய கள்ளு விட்டுப்போன மண்டியில். சீவுகிறவர்கள் முட்டியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவாததைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மண்டிதான் நாளைய கள்ளுக்கு விதை.

மதுவத்துக்குக் கூட்டாளிகளும் உண்டு. சைமோமோனாஸ் என்ற பற்றீரியாவும் வெல்லத்தை அற்ககோலாக்கும். இலற்றிக் அமில பற்றீரியாக்கள் புளிப்பைக் கொண்டுவரும். எல்லோருக்கும் பின்னால் அசற்றிக் அமில பற்றீரியாக்கள் வந்து, உண்டான அற்ககோலையே வினாகிரியாக்கும். ஒரு முட்டிக்குள் இத்தனை கூட்டமும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. எந்தக் கூட்டம் எப்போது முந்துகிறதோ அதுதான் அன்றைய ருசி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1980களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

சாக்கேயின் வேலை இதைவிடச் சிக்கலானது. அரிசியில் இருப்பது மாப்பொருள். மதுவம் அதைத் தொடாது. ஆகவே அவித்த அரிசியில் கோஜி என்ற பங்கசை வளர்த்து, அது மாப்பொருளை வெல்லமாக உடைக்க உடைக்க, அதே தொட்டியில் மதுவம் அந்த வெல்லத்தை அற்ககோலாக மாற்றும்படி விடுகிறார்கள். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் நடப்பதால், வடிக்காமலே 20 வீதம் வரை அற்ககோல் வரும். கள்ளில் அது ஐந்து வீதத்தைச் சுற்றித்தான். சாக்கே பெரும்பாலும் குளிர்காலத்தில் காய்ச்சப்பட்டது. வயல் வேலையோ கடல் வேலையோ ஓய்ந்த காலத்தில் ஊரூராகப் போய் மது செய்யும் தலைமைத் தொழிலாளியை அங்கே தோஜி என்பார்கள்.

அவர்களுடைய பீப்பாய்களும் புளித்துப் போயின. 16ஆம் நூற்றாண்டிலேயே சாக்கேயை இளஞ்சூட்டில் சூடாக்கி வைக்கப் பழகியிருந்தார்கள். அது ஏன் பலிக்கிறது என்பதை லூயி பாஸ்ச்சர் விளக்கியது 1860களில்தான். விளக்கம் இல்லாவிட்டாலும் கைப்பழக்கம் சரியாகவே இருந்திருக்கிறது.

1904இல் யப்பானிய அரசு மது வடிப்புக்கென்றே ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. 1906இல் தொடங்கிய மது வடிப்புச் சங்கம், நல்ல சாக்கே செய்யும் சாலைகளின் மதுவத்தைப் பிரித்தெடுத்து, இலக்கமிட்டு, மற்றச் சாலைகளுக்கும் கொடுத்தது. இதில் கருணை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அரச வரி வருமானத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு சாக்கே வரி. தொட்டி புளித்தால் திறைசேரியும் புளிக்கும். வரிக்காகவே 1899இல் வீட்டில் மது செய்வதைத் தடை செய்தவர்களும் இவர்கள்தான். ஆனாலும் வரி வாங்கியவன் விஞ்ஞானத்தையும் திருப்பிக் கொடுத்தான்.

இலங்கையில் 1912இல் வந்தது மதுவரிக் கட்டளைச்சட்டம். எத்தனை மரம் சீவலாம், எங்கே விற்கலாம், யாரைப் பிடிக்கலாம் என்பதுதான் அதன் கவலை. இன்றும் கள்ளு அந்தச் சட்டத்தின் கீழேதான் நடக்கிறது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் வந்தது. கோப்பாயிலிருந்து பாலம் கடந்தால் வரும் கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென்று ஒரு நிறுவனமும் இருக்கிறது. எங்களுக்கு விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. அது பிந்தி வந்தது, வந்த கையோடு யுத்தமும் வந்துவிட்டது.

இனி நான் சொல்ல வந்த சாலை. யப்பானின் புக்குஷிமா மாகாணத்தில் நமியே என்றொரு ஊர். அதன் உக்கெடோ மீன்பிடித் துறைமுகத்தில், கடலோடு ஒட்டியபடி சுசுக்கி மதுச்சாலை இருந்தது. 1830களிலிருந்து, அல்லது 1840களின் தொடக்கத்திலிருந்து நடந்து வந்த குடும்பத் தொழில். மீன் நிறையப் பட்ட நாளில் கடற்றொழிலாளர் கொண்டாடிக் குடித்த சாக்கே அவர்களுடையது. 2011 மார்ச் 11 ஆழிப்பேரலை அந்தச் சாலையை அடியோடு கொண்டு போனது. அணுமின் நிலையம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம். அடுத்த நாளே ஊர் முழுவதையும் எழும்பச் சொன்னார்கள். இடிந்த இடத்தில் கிண்டித் தேடக்கூட அனுமதி இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டாம்.

கட்டடம் போனால் கட்டலாம். தொட்டி போனால் வாங்கலாம். அந்தச் சாலையில் தலைமுறையாக வாழ்ந்த மதுவத்தை எங்கே வாங்குவது? எல்லாம் முடிந்தது என்றிருந்தபோதுதான் ஒரு செய்தி வந்தது. அந்தப் பருவத்தில் பரிசோதனைக்கென்று அனுப்பியிருந்த தாய்க்கலவையின் மாதிரி, உள்நாட்டில் அயிசு நகரில் இருக்கும் மாகாண ஆய்வுகூடத்தில் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து மதுவத்தை மீட்டார்கள். மலைகளுக்கு அப்பால் யமகத்தா மாகாணத்தில் நகாய் என்ற ஊரில் ஒரு பழைய சாலையை வாங்கி, அகதியாக இருந்தபடியே அதே பெயரில் சாக்கே செய்தார்கள். நமியேயின் ஒரு பகுதிக்கு 2017இல் மக்கள் திரும்ப அனுமதி கிடைத்தது. 2021இல் சாலையும் ஊருக்குத் திரும்பியது. இப்போது நமியே அரிசியிலும் காய்ச்சுகிறார்கள்.

இதை வாசித்து எனக்குப் பொறாமையும் வந்தது. அவர்களை எழுப்பியது அவர்களுடைய சொந்த அரசு. நட்டஈடு கிடைத்தது, திரும்பி வரக் கட்டடமும் எழுந்தது. எங்கள் பனைகள் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன, எறிகணையில் தலை போய் மொட்டையாக நின்றன. வடலி சீவக்கூடிய பனையாக வளரப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வேண்டும். அதற்கு யார் கணக்குக் கேட்டார்கள்?

மரத்தை நடலாம், நடுகிறார்கள். ஏறுகிறவர்கள்தான் குறைந்து போகிறார்கள். எங்கள் ஒழுங்கைக்குள் சீவ வருகிற ஐயாவுக்கு எழுபது வயதை எட்டப்போகிறது. பாளையை எத்தனை நாள் தட்ட வேண்டும், எப்போது முதல் சீவல், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் கத்தி பிடிப்பதில் என்ன வித்தியாசம் என்று ஒருநாள் கேட்டேன். "உதைச் சொல்லேலாது தம்பி, கைக்குத்தான் தெரியும்" என்றார். மகன் ஓட்டோ ஓடுகிறார். நான் குறை சொல்லமாட்டேன். இந்தத் தொழிலை ஒரு சாதியின் தலையில் கட்டிவிட்டு, அவர் இறக்கிய கள்ளைக் குடித்துக்கொண்டே அவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய சமூகம் எங்களுடையது. 1972இல் உருவான கள்ளிறக்கும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள்தான் முதன்முதலாக அவர்களுக்கு ஒரு நிச்சய விலையையும் ஒரு மேசையையும் கொடுத்தன. தவறணையில் விற்று மிஞ்சுவதைச் சாராயமாக்கத் திக்கத்தில் வடிசாலையும் வந்தது. பிள்ளை மரம் ஏறாமல் படிக்கட்டும் என்று தகப்பன் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கையோடு போவது ஒரு தொழில் மட்டுமல்ல.

யப்பானிலும் தோஜிகள் அருகினார்கள். யமகுச்சி மாகாணத்தில் டசாய் என்ற சாக்கேயைச் செய்யும் அசாஹி மதுச்சாலையை 1999 அளவில் தோஜி விட்டுப் போய்விட்டார். உரிமையாளர் இன்னொரு தோஜியைத் தேடவில்லை. இளம் ஊழியர்களை வைத்துக்கொண்டு, அரிசி எவ்வளவு நீர் குடித்தது, தொட்டியின் வெப்பம் என்ன, வெல்லம் எவ்வளவு மிச்சம் என்று நாள்தோறும் அளந்து எழுதினார். கட்டடத்தைக் குளிராக்கி வருடம் முழுவதும் காய்ச்சினார். கோஜி இன்னும் மனிதக் கையால்தான் வளர்க்கப்படுகிறது. எப்போது நிறுத்துவது என்பதை எண் சொல்கிறது. ஒரு கிழவரின் கை அறிந்ததை அளந்து பார்த்தால் அதில் பாதியையாவது எழுத்தில் பிடிக்கலாம் என்பதற்கு இது சாட்சி. மீதிப் பாதிக்கு இன்னும் ஆள் வேண்டும். கோஜியால் மது செய்யும் அந்தக் கைத்திறனை 2024 டிசெம்பரில் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

எங்களிடமும் போத்தல் கள்ளு உண்டு. சூடாக்கி அடைப்பதால் கப்பலேறி வெளிநாட்டுக்கும் போகிறது. மரத்தடியில் பிளாவில் குடித்தவருக்கு அது ருசிக்காது. சூடு புளிப்பை நிறுத்தும்போது உயிரையும் நிறுத்திவிடுகிறது. சூடாக்காத சாக்கேயை யப்பானியர் குளிரூட்டிய வண்டியில் அனுப்புகிறார்கள்; மின்சாரமும் பணமும் இருந்தால் கள்ளுக்கும் அது முடியாததல்ல. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: யுத்தத்துக்குப் பிறகு குடி எத்தனை வீட்டைச் சிதைத்தது என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடியுங்கள் என்று இதை எழுதவில்லை. கள்ளைப் பற்றிய அறிவு போனாலும் குடி போகாது. கசிப்பும் கொம்பனிச் சாராயமும் அந்த இடத்தைப் பிடிக்கும், அதில் சீவுகிறவருக்கு ஒரு சதமும் இல்லை.

நமியேக்காரர்களைக் காப்பாற்றியது ஊருக்கு வெளியே இருந்த ஒரு சிறிய குப்பி. அதுபோல ஒன்றை இங்கே செய்யப் பெரிய கட்டடம் தேவையில்லை. தை, மாசியில் பருவம் தொடங்கும்போது ஊருக்கு நாலைந்து முட்டிகளின் மண்டியைக் கிருமி நீக்கிய குழாயில் எடுக்க வேண்டும். அதிலிருக்கும் மதுவத்தைப் பிரித்து வளர்த்து, கிளிசரோல் கலந்து, சைபருக்குக் கீழே எண்பது பாகையில் வைத்தால் பல வருடம் இருக்கும். ஒரு பங்கை யாழ்ப்பாணத்திலும் மறு பங்கைக் குடாநாட்டுக்கு வெளியிலும் வைக்க வேண்டும். குழாயில் ஊரின் பெயர், மாதம், ஆண்பனையா பெண்பனையா என்பது, சீவியவர் சம்மதித்தால் அவருடைய பெயர்.