யார் முதலாளி? விம்கோவும் சிவகாசியும்

சிவகாசித் தீப்பெட்டியின் வரலாறு அந்நியக் கம்பெனியை எதிர்த்து நின்ற உள்ளூர்த் தொழிலின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அதில் தொழிலாளி எங்கே நின்றார் என்பதே நம் கேள்வி.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுவந்தார்கள். 1923இல் சுவீடன் முதலீட்டில் விம்கோ இந்தியாவில் தொடங்கப்பட்டது. அங்கே இயந்திரம், இங்கே கைவேலை. கைவேலையைக் காக்க, குறைவாக உற்பத்தி செய்யும் ஆலைகளுக்கு அரசு கலால் வரியைக் குறைத்தது. முதலாளிகளோ ஒரே தொழிலைப் பல பெயர்களில் சிறு ஆலைகளாகப் பிரித்தார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீடுகளுக்குப் போனது.

பிரித்ததால் குறைந்தது வரி மட்டுமல்ல. மின்விசை இல்லாத ஆலையில் 20 பேர் இருந்தால்தான் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பொதுவாகப் பொருந்தியது. 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்துக்குப் பொதுவாக 100 பேர் வேண்டியிருந்தது.

அந்தச் சட்டம் என்ன தந்தது? விம்கோவின் பரேலி ஆலையில் தகுதிகாண் காலம் நிலையாணைப்படி 2 மாதம். ஒரு காவலாளிக்கு மட்டும் தனி ஒப்பந்தம் போட்டு 6 மாதமாக்கிய கம்பெனி, பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கியது. 1973இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தனி ஒப்பந்தம் செல்லாது என்றது. அந்நிய முதலாளி நல்லவர் என்பதல்ல இதன் பொருள். உரிமையை மறுத்து வழக்காடியதே அவர்தான். ஆனால் வழக்குப் போட ஒரு முதலாளி இருந்தார், ஒரு விதி இருந்தது.

நம் பெண்களுக்கு அதுவும் இல்லை. முன்பணம் கொடுப்பவர் ஒருவர், வேலை வாங்குபவர் ஒருவர், உரிமம் வைத்திருப்பவர் இன்னொருவர். பட்டாசிலும் இதே நிலைதான். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் வெடித்த ஆலை பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது.

1938இல் மன்மாடில், தீண்டப்படாத ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் இரண்டுமே தொழிலாளரின் எதிரிகள் என்றார் அம்பேத்கர். அந்நியமா சுதேசியா என்று மட்டும் பேசினால், உள்ளூர் முதலாளியின் சாதியும் சேரித் தொழிலாளியின் கூலியும் பேச்சிலிருந்து நழுவிவிடும்.

சுவீடன் கம்பெனி 2005இல் விம்கோவை விற்றுவிட்டுப் போய்விட்டது. சின்னதாய்ப் பிரித்துப் பொறுப்பைக் கைகழுவும் முறை இங்கேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரின் பன்னாட்டு ஆலைகளில் அதன் பெயர் ஒப்பந்தக்காரர். எங்கே போனாலும் முதலில் கேளுங்கள்: வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறதா? அவர் பெயரில் வைப்பு நிதி கட்டுவது யார்? பதில் சொல்ல வேண்டியவரைப் பெயர் சொல்லி நிறுத்துவதிலிருந்துதான் சங்கம் தொடங்குகிறது.